கொங்குச் சமையலறையில் தினசரிச் சத்துணவு: மளிகைச் சீட்டிலிருந்து தட்டு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டுச் சாப்பாட்டைச் சீர்செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் சமையல் குறிப்பில் தொடங்குகிறார்கள். முதல் வாரம் சிறுதானிய தோசை, அடுத்த வாரம் முளைகட்டிய பயறு, மூன்றாம் வாரம் பழையபடி இட்லியும் தேங்காய்ச் சட்னியும். நானும் இரண்டு முறை அப்படித் தொடங்கிக் கைவிட்டவள்தான். மூன்றாவது முறை மளிகைச் சீட்டில் கை வைத்தேன். அது நிலைத்தது. கம்பும் கொள்ளும் டப்பாவில் இருந்தால் தானாகவே உலைக்கு வந்துவிடுகின்றன. இல்லாவிட்டால் எத்தனை குறிப்பு படித்தாலும் அரிசிதான் வேகிறது.

ஈரோட்டில் குடியிருக்கிறோம். வீட்டில் நான்கு பேர்: நாங்கள் இருவர், அத்தை, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன். கீழே வரும் கணக்கெல்லாம் நான்கு பேருக்கானது. உங்கள் வீட்டுத் தலைகளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஒரு மாதத்துச் சீட்டை எடுத்துக் கூட்டிப் பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு மாதம் வழக்கம்போலவே வாங்குங்கள். கடைச் சீட்டு, சந்தைச் செலவு, பால் கணக்கு, ஞாயிற்றுக்கிழமைக் கறி என எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் இனவாரியாகக் கூட்டுங்கள்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களில் ஒரு நாள் தட்டுக்கான அளவைச் சொல்லியிருக்கிறது. 2000 கலோரி போதுமான ஒருவருக்குத் தானியங்கள் 250 கிராம், கீரை உட்படக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு, முட்டை, இறைச்சி எல்லாம் சேர்த்து 85 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவருக்கும் வளரும் பிள்ளைக்கும் இதைவிடக் கூடுதலாக வேண்டும். நாள் முழுவதும் கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கு இதுவே அதிகமாக இருக்கலாம்.

நான்கு பேருக்கு மாதத்துக்கு என்று பெருக்கினால் தானியம் 30 கிலோ வருகிறது. எங்கள் வீட்டு நோட்டில் 41 கிலோ இருந்தது. சாப்பாட்டு அரிசி ஒரு சிப்பம் 26 கிலோ, இட்லி அரிசி 8, கோதுமை மாவு 5, ரவையும் சேமியாவும் 2. (சிப்பம் 25 கிலோவாக இருந்தது ஏன் 26 ஆனது என்று யோசித்திருக்கிறீர்களா? 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு ஜிஎஸ்டி வந்தது. ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டிவிட்டார்கள்.) பருப்பு, முட்டை, கறி எல்லாம் சேர்த்து 10 கிலோ இருக்க வேண்டிய இடத்தில் 7 கிலோதான். காய்கறி வாரத்துக்கு 11 கிலோ வேண்டும். நாங்கள் வாங்கியது 6. எண்ணெய் மூன்றரை லிட்டர் போதும். செலவானது 6 லிட்டர்.

இந்தக் கணக்கைப் பார்த்து அத்தை சொன்னது: "இத்தனை நாளும் நாம் அரிசிக்குத் தொட்டுக்கொள்ளத்தான் மற்றதைச் சமைத்திருக்கிறோம்." பெரும்பாலான வீடுகளின் சீட்டும் இதே சாய்வில்தான் இருக்கும் என்பது என் ஊகம். சாப்பாட்டின் ருசியையோ பழக்கத்தையோ தூக்கி எறிய வேண்டியதில்லை. இந்தச் சாய்வை மெல்லத் திருப்பினால் போதும்.

இரண்டாம் படி: பருப்பு டப்பாவை நிரப்புங்கள்

மாற்றத்தைத் தொடங்கும் முதல் மாதம் இதையும் அடுத்த படியில் வரும் முட்டையையும் மட்டும் செய்யுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். அரிசியைக் குறைப்பதில் தொடங்கினால் வீட்டில் சண்டைதான் வரும். பருப்பு கூடினால் அரிசி தானாகக் குறையும். புரதமும் நார்ச்சத்தும் உள்ள சாப்பாடு வயிற்றில் நின்று பசியைத் தள்ளிப்போடுகிறது.

எங்கள் பக்கத்தில் இதற்கு யாரும் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. கொள்ளு, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, மொச்சை, நிலக்கடலை எல்லாம் இந்த மண்ணில் விளைபவை. பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கும்வரை, கொங்கின் பெரும்பகுதி மழையையும் கிணற்றையும் நம்பிய மேட்டு நிலம். காங்கயம், தாராபுரம் பக்கம் பல காடுகள் (மேட்டு விளைநிலங்களை இங்கே அப்படித்தான் சொல்வோம்) இன்றும் அப்படித்தான். ஐப்பசி மழைக்கு விதைத்துவிட்டால் பனியிலேயே விளைந்துவிடும் பயிர் கொள்ளு. ஒரு படி தண்ணீர்கூட இறைக்காமல் வந்த உணவு அது.

புதிய சீட்டை எழுதிக்கொண்டு போய்க் கொள்ளு மூன்று கிலோ கேட்டபோது கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "மாட்டுக்குங்களா?" என்றார்.

கொள்ளு பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று ஒரு பழமொழி சொல்லிச் சொல்லியே அதை உடல் இளைக்க வைக்கும் மருந்தாக்கிவிட்டார்கள். கொள்ளுக்குக் கொழுப்பைக் கரைக்கும் மாயம் எதுவும் இல்லை. நூறு கிராமில் 21 கிராமுக்கு மேல் புரதம், ஏறக்குறைய துவரம் பருப்புக்குச் சமம். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் துவரையைவிடக் கூடுதல். தோலோடு சாப்பிடுவதால் நார்ச்சத்தும் கிடைக்கிறது. வாரத்துக்கு இரண்டு முறை சமைக்க இந்தக் காரணங்களே போதும்.

கொள்ளுப் பருப்பு கடைவது இப்படி. முந்தைய இரவே ஒரு டம்ளர் கொள்ளைக் கல் பொறுக்கி, மூன்று முறை அலசி ஊற வையுங்கள். எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும். ஊறுவதால் அதில் உள்ள பைட்டிக் அமிலம் குறைந்து, இரும்பும் துத்தநாகமும் உடலில் சேர்வது எளிதாகிறது. வாயுத் தொல்லையும் குறையும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் நான்கு டம்ளர் விட்டு, குக்கரில் ஆறேழு விசில் வரை வேக விடுங்கள். விரலில் எடுத்து நசுக்கினால் தோல் தனியே வழுக்கிக்கொண்டு வர வேண்டும். அதுதான் பதம். வெந்த தண்ணீரை வடித்துத் தனியே வையுங்கள். அது ரசத்துக்கு.

வாணலியில் இரண்டு சிறு கரண்டி நல்லெண்ணெய். கொத்தமல்லி விதை, சீரகம், நான்கு வரமிளகாய், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், ஐந்து பல் பூண்டு, கறிவேப்பிலை. வெங்காயம் ஓரம் சிவக்கும்வரை வதக்கி, ஆறியதும் வெந்த கொள்ளோடும் உப்போடும் சேர்த்து அரையுங்கள். மிக்சியை இரண்டே சுற்று சுற்றி நிறுத்துங்கள். நைசாக அரைத்தால் பசைபோல் ஆகிவிடும். என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) மண்சட்டியில் மத்தை வைத்துக் கடைவார். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே மத்து உருளும்போது முதலில் கரகரவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் அடங்கி மெத்தென்று ஆனதும் கையை எடுத்துவிடுவார். நடுநடுவே முழுக் கொள்ளு தட்டுப்பட வேண்டும் என்பது அவர் கணக்கு.

வடித்த தண்ணீரில் புளியும் மிளகும் சீரகமும் பூண்டும் சேர்த்தால் கொள்ளு ரசம். ஒரே வேக்காட்டில் இரண்டு பதார்த்தம் முடிந்தது.

மற்றவற்றுக்கு விரிவாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பச்சைப்பயறும் தட்டைப்பயறும் கொள்ளைவிட எளிதில் வேகும். அரிசியும் பருப்பும் சாதம் வைப்பவர்கள் மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம் பருப்பு என்பதை இரண்டுக்கு ஒன்று என்று மாற்றிப் பாருங்கள். குழந்தைகள் கண்டுபிடிக்க மாட்டார்கள். கொஞ்சம் குழைவாக வரும், அவ்வளவுதான்.

மூன்றாம் படி: முட்டையும் கறியும்

நாமக்கல் பக்கத்தில் இருந்துகொண்டு முட்டையை விருந்தாளிபோல் நடத்துவது நியாயமில்லை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். அரசுப் பள்ளிச் சத்துணவில் வாரம் ஐந்து நாள் முட்டை கொடுக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது நம் வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்கட்டும். மஞ்சள் கருவை எடுத்துப் போடாதீர்கள், பாதிச் சத்து அங்கேதான் இருக்கிறது.

கறியைப் பொறுத்தவரை, ஞாயிறு ஒரே நாளில் ஆளுக்குக் கால் கிலோ சாப்பிட்டுவிட்டு மீதி ஆறு நாளும் வெறும் ரசச் சோறு என்பதுதான் பழக்கம். வாங்கும் அளவைக் கூட்ட வேண்டியதில்லை. பாதியை எடுத்து வைத்து வார நடுவில் குழம்பாக்குங்கள். பள்ளிபாளையம் சிக்கனை யாரும் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் அதில் கறியைவிட எண்ணெயும் மிளகாயும் மேலே நின்றால் அது ஓட்டல் பக்குவம். வீட்டில் கறியின் நீரிலேயே சுண்ட வைக்கலாம்.

சைவ வீடுகளில் அந்த இடத்தைப் பருப்பும் தயிரும் நிலக்கடலையும் நிரப்பும்.

நான்காம் படி: தானியத்தை மாற்றிப் போடுங்கள்

பருப்பு ஒரு மாதம் பழகிய பிறகு இங்கே வாருங்கள். நாளுக்கு ஒரு வேளை அரிசி இல்லாத தானியம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

ராகியில் நூறு கிராமுக்கு 364 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. வெள்ளை அரிசியில் பத்துகூட இல்லை. கம்பில் இரும்புச் சத்து அரிசியைப் போல் பத்து மடங்கு. இவை நல்ல காரணங்கள். ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 'ராகிதானே' என்று இரண்டு டம்ளர் கஞ்சி குடிப்பது தவறு. நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிய எந்த மாவும் இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். அதே ராகியைக் களியாகக் கிண்டி, எலுமிச்சை அளவு இரண்டு உருண்டை, மேலே கீரைக் கடைசலோ தட்டைப்பயறுக் குழம்போ ஊற்றிச் சாப்பிடுவது வேறு கதை.

கம்பு வாங்கும்போது மாவாக வாங்காதீர்கள். கம்பில் கொழுப்பு அதிகம், அரைத்த மாவு சில நாளில் காறிக் கசக்கத் தொடங்கிவிடும். 'கம்பு எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது' என்று சொல்பவர்களில் பாதிப் பேர் கெட்டுப்போன மாவைத்தான் ருசி பார்த்திருப்பார்கள். முழுக் கம்பாக வாங்கி, தேவைக்கு மட்டும் உடைத்துக்கொள்ளுங்கள். கம்பின் மேல் தண்ணீர் தெளித்துப் பிசறிப் பத்து நிமிடம் வையுங்கள். மிக்சியில் விட்டு விட்டு மூன்று முறை சுற்றினால் தோல் கழன்றுவிடும். முறத்தில் போட்டுப் புடைத்தால் உமி பறந்துவிடும். பிறகு ரவைபோல் உடைத்து, ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கொதிக்க வைத்துக் கொட்டிக் கிளறி வேக விடுங்கள். கம்பஞ்சோறு தயார். மீந்ததை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைத்தால் மறுநாள் காலை மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்துக் குடிக்கலாம்.

தைராய்டு தொல்லை உள்ளவர்கள் கம்பைத் தினமும் மூன்று வேளை என்று வைக்க வேண்டாம். அயோடின் சேர்வதைத் தடுக்கும் பொருள்கள் அதில் உண்டு. வாரம் ஓரிரு முறை என்றால் பெரும்பாலும் கவலையில்லை. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சாமை, தினை, வரகு வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். பளீரென்று வெள்ளையாக இருந்தால் தவிடு முழுவதும் போய்விட்டது என்று பொருள். பொன்னி அரிசியைவிடக் கூடுதல் விலை கொடுத்துத் தீட்டிய சாமை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காசுக்குக் கீரையும் பயறும் வாங்கலாம்.

ஐந்தாம் படி: காயும் கீரையும்

வாரத்துக்கு 11 கிலோ காய் என்றால் மலைப்பாகத் தோன்றும். ஆளுக்கு ஒரு வேளைக்கு ஒரு பெரிய கிண்ணம் பொரியல், இன்னொரு வேளைக்குக் காய் நிறைந்த குழம்பு என்றால் கணக்கு வந்துவிடும். சாம்பாரில் நான்கு முருங்கைத் துண்டு மிதப்பதைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள்.

1999இல் தொடங்கிய உழவர் சந்தைகள் இதற்கு வசதி. எங்களுக்கு ஈரோடு சம்பத் நகர், கோவைக்காரர்களுக்கு ஆர்.எஸ்.புரமும் சிங்காநல்லூரும் உண்டு. வாரம் ஒரே தடவை மூட்டையாக வாங்குவதைவிட இரண்டு தடவை போவது நல்லது. வாங்கியதில் சீக்கிரம் வாடும் காயை முதல் மூன்று நாளில் முடித்துவிடுங்கள்: கீரை, வெண்டை, அவரை. சுரைக்காய், பூசணி, சேனை, சின்ன வெங்காயம் காத்திருக்கும். விலை மலிந்த காயை வாங்குங்கள். அந்தப் பருவத்தில் பக்கத்தில் விளைந்ததுதான் பெரும்பாலும் மலிவாக இருக்கும், தொலைவிலிருந்து லாரியில் வந்திருக்காது.

கீரைக்கு இரண்டே விதி. அலசிய பிறகு நறுக்குங்கள். வேக வைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். மழைக்காலத்தில் காட்டோரத்தில் தானாக முளைக்கும் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் கிடைத்தால் விடாதீர்கள். கடைந்து சாப்பிடக் கொள்ளுக்கு அடுத்தபடியாக எங்கள் வீட்டில் அதுதான். முருங்கை மரம் வாசலில் வைத்துக்கொண்டு கீரைக்கட்டு வாங்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

கீரையோ கொள்ளோ சாப்பிடும்போது பாதி எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ. அவற்றில் உள்ள வைட்டமின் சி, தாவர உணவில் உள்ள இரும்பை உடல் உறிஞ்ச உதவுகிறது. டீயும் காபியும் அதற்கு நேர் எதிர். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். இரத்தசோகை உள்ள பெண்கள் இதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும்.

ஆறாம் படி: எண்ணெய், உப்பு, சர்க்கரை

அளவைக் கண்ணால் பார்க்காமல் இவற்றைக் குறைக்க முடியாது. மாதத் தொடக்கத்தில் மூன்றரை லிட்டர் எண்ணெயைத் தனியே எடுத்து வையுங்கள். எந்தத் தேதியில் தீர்கிறது என்று நாட்காட்டியில் குறியுங்கள். அப்படி எடுத்து வைத்த முதல் மாதம் எங்களுக்கு 18ஆம் தேதியே தீர்ந்தது. ஒரு நாள் போண்டாவும் ஒரு நாள் பூரியும் எவ்வளவு குடித்திருக்கின்றன என்று அப்போதுதான் தெரிந்தது. பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சாதீர்கள்.

செக்கு எண்ணெய் பற்றி நிறையக் கேட்கிறார்கள். மணமும் ருசியும் நன்றாக இருக்கிறது, நானும் கடலை எண்ணெயைச் செக்கில்தான் வாங்குகிறேன். ஆனால் செக்கில் ஆட்டினாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். அளவு மாறாது.

நாட்டுச் சர்க்கரைக்கும் இதே பதில். கவுந்தப்பாடிச் சந்தையில் மூட்டை மூட்டையாக நாட்டுச் சர்க்கரை விற்கும் மாவட்டத்தில் உட்கார்ந்து இதைச் சொல்வது எளிதல்ல. ஆனால் உடலுக்குள் போனதும் அதுவும் சர்க்கரைதான். வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டேன் என்று நாட்டுச் சர்க்கரையில் மூன்று கரண்டி போட்டுக்கொள்வதில் பயனில்லை. ஒரு நாளைக்கு ஒருவருக்கு எல்லாம் சேர்த்து 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது. இரண்டு கரண்டிச் சர்க்கரை போட்ட டீ ஒன்றில் 10 கிராம் போய்விடுகிறது.

உப்பு ஆளுக்கு நாளைக்கு 5 கிராம், ஒரு சிறு கரண்டி. நான்கு பேருக்கு ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். ஊறுகாயையும் அப்பளத்தையும் வற்றலையும் சேர்த்தால் அதற்கும் மேல். எங்கள் பாக்கெட் 25 நாளில் காலியாகிக்கொண்டிருந்தது. இப்போது 38 நாள் வருகிறது. ஐம்பதை இன்னும் எட்டவில்லை. அத்தைக்கு மோரில் உப்பு இல்லாவிட்டால் இறங்காது.

ஏழாம் படி: பதினொரு மணியும் நான்கு மணியும்

கோவையிலும் திருப்பூரிலும் தெருவுக்கு ஒரு பேக்கரி. பனியன் கம்பெனியிலும் தறிக்குடோனிலும் டீ இடைவேளை என்பது டீயோடு ஒரு பன், பப்ஸ், வடை என்றாகிவிட்டது. வீட்டில் பார்த்துப் பார்த்துச் சமைத்ததை இந்த இரண்டு வேளையும் கவிழ்த்துவிடும். வெறும் அறிவுரையால் இது நிற்காது. அந்த நேரத்துப் பசி உண்மையான பசி, கையில் வேறு ஏதாவது இருக்க வேண்டும்.

என் கணவர் எடுத்துப்போகும் சிறு டப்பாவில் ஒரு நாள் வேக வைத்த நிலக்கடலை, ஒரு நாள் தட்டைப்பயறுச் சுண்டல், ஒரு நாள் கொய்யா. ஞாயிறு இரவே மூன்று நாளுக்கான பயறை ஊற வைத்து, வேக வைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறேன். காலையில் தாளிக்க ஐந்து நிமிடம். டீயை விடவில்லை, சர்க்கரையை ஒரு கரண்டியாக்கிக்கொண்டார். சேலம் தட்டுவடை செட்டோ கரூர் கரமோ மாதத்தில் ஒரு மாலை சாப்பிடுவதால் எதுவும் கெட்டுவிடாது. தினமும் என்றால்தான் கணக்கு இடிக்கும்.

எட்டாம் படி: வீணாகாமல்

முன்பெல்லாம் கழனித் தண்ணீரும் காய்த்தோலும் மாட்டுத் தாழிக்குப் போகும். மாடு இல்லாத வீட்டில் எல்லாம் சாக்கடைக்குப் போகிறது. பீர்க்கங்காய்த் தோலில் துவையல், தண்டுக்கீரைத் தண்டில் கூட்டு, பூசணி விதையை வறுத்துக் கொறிக்க. மற்றவற்றை ஒரு தொட்டியில் மண்ணோடு அடுக்கி வைத்தால் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் எருவாகும்.

பழைய சோறு நல்லதுதான். மீந்த சோற்றை ஆறியவுடன் தண்ணீர் ஊற்றி வைத்தால்தான் அது பழைய சோறு. இரவு முழுவதும் பாத்திரத்தில் வெறுமனே கிடந்து, காலையில் தண்ணீர் கண்ட சோறு வெறும் ஊசல். வெயில் காலத்தில் வழுவழுப்போ கெட்ட வாடையோ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைத் தவிர்ப்பது நல்லது.

மூன்று மாதக் கணக்கு

முதல் மாதம் பருப்பும் முட்டையும், இரண்டாம் மாதம் காயும் ஒரு வேளைச் சிறுதானியமும், மூன்றாம் மாதம் எண்ணெயும் உப்பும் சர்க்கரையும். இந்த வரிசை எங்கள் வீட்டில் சரிப்பட்டது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் தானிய அளவைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பையும் கீரையையும் தாமாகக் கூட்டக் கூடாது.

நான்காம் மாதச் சீட்டை எழுத உட்காரும்போது தொடக்கத்தில் கணக்கெடுத்த நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் சீட்டில் இப்போது இட்லி அரிசி 4 கிலோ, கொள்ளு 3, தட்டைப்பயறு 2, முழுக் கம்பு 3, எண்ணெய் 4 லிட்டர். சாப்பாட்டு அரிசிச் சிப்பம் நாற்பது நாள் வருகிறது. கடைக்காரர் கொள்ளை இப்போது கேட்காமலே கட்டிவிடுகிறார்.